எலும்பு மெல்லும் மாதம்

மே முடிந்தால் புல்லெல்லாம் பொன்னிறம்.
பார்க்க அழகு, உள்ளே ஒன்றுமில்லை.
கலஹாரி மணலிடம் பாஸ்பரஸ் கிடையாது;
இல்லாததை அது எங்கிருந்து கொடுக்கும்?

அப்போதுதான் மாடுகள் எலும்பு தேடும்.
காய்ந்த முள்ளம்பன்றி, ஆமையோடு.
ஒருமுறை, போன வருடம் செத்த
தன் தாயின் தாடையைக்
கடைவாயில் அதக்கிக்கொண்டு
நாள் முழுக்க எச்சில் வடித்து நின்றாள் தாமகானா,
சிவப்பில் வெள்ளை தெறித்தவள்.
பிடுங்கப் போனால் முறைப்பாள்.

அதற்குத்தான் இந்தக் கலவை.
லாரி டயரை இரண்டாய் அறுத்தால் தொட்டி.
உப்பு, டைகால்சியம் பாஸ்பேட்,
வெல்லப்பாகுப் பொடி, கையளவு கந்தகம்,
துத்தநாகமும் செம்பும் அடைத்த சின்னப் பை.
"நோய் அண்டாது" என்று
பையின் முதுகை வாசித்துச் சொல்வார் கெசெகோ.
கான்ஸியில் கணக்கு வாத்தியார்.
மாடுகள் அவருடையவை,
மண்வெட்டி என்னுடையது.

உப்புதான் கடிவாளம்.
கூடிப்போனால் நாலு நக்கு நக்கி நகர்ந்துவிடும்;
குறைந்தால் விடிவதற்குள் தொட்டி காலி.

ஜூலையில் இரண்டு மூட்டை குறைவாய் இறக்கினார்.
மகள் கபரோனில் படிக்கிறாள், கட்டணம், என்றார்.
நான் கணக்கு படித்தவளில்லை.
குறைந்ததை உப்பால் நிரப்பினேன்.

தொட்டி வழக்கம்போல நிறைந்து தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் தாமகானா எழவில்லை.
கண் தெளிவு. காய்ச்சல் இல்லை.
நாக்கை மெல்ல வெளியே இழுத்தேன்;
திரும்ப உள்ளே வாங்க அவளுக்கு வலுவில்லை.
என் உள்ளங்கையில் கிடந்தது,
வெதுவெதுப்பாய், அரம்போல,
தினமும் என் தொட்டியை நக்கிய நாக்கு.
வாயோரம் ஆமையோட்டின் சில்லு ஒன்று.

புதைத்தால் நரி தோண்டும்.
அப்படியே விட்டால் அவள் எலும்பை
இன்னொருத்தி மெல்லுவாள்.
ஆகவே எரித்தோம், நானும் ஒட்டெங்கும்,
இரண்டு நாள், முள்மரம் தீரத் தீர.
வாசனைக்கு நாய்கள் ஊளையிட்டன.
எனக்கும் பசித்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

வாத்தியார் வந்தார். சாம்பலைச் சுற்றி நடந்தார்.
எத்தனை மூட்டை, எத்தனை மாடு என்று
விரல் மடக்கத் தொடங்கிப்
பாதியில் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.
உப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை.
மறுவாரம் நான்கு மூட்டை வந்தது.

செப்டம்பரில் லோபாட்ஸேக்குப் போகும் லாரி.
கொழுத்தவை, தோல் மினுங்குகிறவை,
நோய் அண்டாதவை முதலில் ஏறும்.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைக்க
அவற்றுக்கு உள்ளது மூன்று நாள்.

ஏறுபலகையில் ஒன்று நின்றது,
பின்னால் வந்தவை முட்டியும் நகராமல்,
என் மணிக்கட்டை நக்கியது, நக்கியது.

வியர்வைதான்.
வெறும் உப்பு.