இரண்டு பேர் தடம்

காலை நாலு நாற்பது.
சன்னிமீட் சாலை டோனட் கடை வாசலில்
எவரிஸ்தோ நிற்கிறான், இரண்டு கையிலும் காப்பி.
கல்லாவுக்குப் பின்னாலிருந்து சோபியாப் தலையசைக்கிறாள்.
அவளுக்கு நாங்கள் இன்னும் புருஷன் பெண்டாட்டி.
திருத்த நேரமில்லை.
ஐந்துக்குள் அறுபதில் ஏறாவிட்டால்
பொமோனா வரை ஊர்வலம்தான்.

மார்ச்சில் ரிவர்சைடு நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டோம்.
வீடும் கடனும் எனக்கு.
மீன்தொட்டி, துளைபோடும் மெஷின், அவன் அம்மாவின் இரும்புச் சட்டி
அவனுக்கு.
பதினோரு பக்கத்தில் எல்லாவற்றையும் பிரித்தவர்கள்
இந்தத் தடத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

இடது ஓரம், தரையில் வெள்ளை வைரம் வரைந்திருக்கும்.
காருக்குள் இரண்டு தலை இருந்தால் போகலாம்.
ஒற்றைத் தலை பிடிபட்டால் நானூற்றுத் தொண்ணூறு டாலர்.
இரண்டு தலைக்கு
தினமும் முப்பத்தைந்து நிமிடம் மிச்சம்.
பதினாறு வருஷத்தில் நாங்கள் சேர்த்துவைத்தது
அது ஒன்றுதான் என்று சில நாள் தோன்றும்.

பேச்சு சாலையைப் பற்றி மட்டும்.
‘சைனோவில் சிவப்பு காட்டுது.’
‘ம்.’
‘லாரி வருது.’
‘பார்த்தேன்.’

போன வாரம் ஒருத்தன்
துணிக்கடைப் பொம்மைக்குத் தொப்பி வைத்து
பெல்ட்டும் போட்டு உட்காரவைத்து
போலீஸிடம் மாட்டிக்கொண்டான்.
எவரிஸ்தோ விழுந்து விழுந்து சிரித்தான்.
எனக்கு வரவில்லை.
சட்டத்தின் கண்ணில் அதற்கும் இவனுக்கும் ஒரே வேலை.
இவன் ஹசியெண்டா மேடு வந்ததும்
குறட்டை விடுவான், அவ்வளவுதான்.

இன்று டயமண்ட் பாரில் எல்லாம் நின்றது.
ஐம்பத்தேழு வந்து அறுபதோடு கலந்து
இரண்டு மைல் ஒரே உடம்பாக ஓடி
மறுபடி தன் வழியே பிரிந்துபோகிற இடம்.
உவமையாகச் சொல்லவில்லை,
பச்சைப் பலகையில் அப்படித்தான் அம்பு போட்டிருக்கிறது.

குறுக்கே ஒரு ஏணி கிடந்தது.
அலுமினிய ஏணி, இருபத்துநாலு அடி இருக்கும்.
எந்தப் பெயின்டரின் வண்டியிலிருந்து நழுவியதோ,
எங்கேயோ ஒரு சுவரடியில் நின்று
இந்நேரம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பான்.
மேடு முழுக்கச் சிவப்பு விளக்கு.
பக்கத்துக் காரில் நர்ஸ் ஒருத்தி
இரண்டாவது கண்ணுக்கும் மை போட்டு முடித்தாள்.
கன்டெய்னர் லாரிக்காரன் ஆரஞ்சு உரித்தான்,
தோலை ஒரே சுருளாக.

எவரிஸ்தோ கதவைத் திறந்தான்.
‘போகாதே’ என்றேன்.
சாலையைச் சேராத முதல் வார்த்தை, ஏழு மாதத்தில்.
இல்லை, அதுவும் சாலையைப் பற்றித்தானோ.

போய்விட்டான்.
லாரிக்காரன் ஒரு முனை, இவன் ஒரு முனை
கல்யாண வீட்டு பெஞ்சைப் போல ஆட்டி ஆட்டித் தூக்கி
நடுச்சுவர் ஓரம் சாய்த்தார்கள்.
நாலு நிமிடம் ஆகியிருக்கும்.
அந்த நாலு நிமிடமும் வைரத் தடத்தில்
நான் ஒற்றைத் தலை.
கண்ணாடியில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன்.
அவன் காப்பியைத் தவறி எடுத்து ஒரு வாய் குடித்தேன்.
இன்னும் மூன்று சர்க்கரைதான் போடுகிறான், டாக்டர் சொல்லியும்.

வந்து உட்கார்ந்தான். உள்ளங்கையில் கரி.
‘ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு’ என்றான்.
பின்னால் ஹாரன் தொடங்கியது.
பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டே, வேறு யாரிடமோ போல,
‘அடுத்த மாசம் என்னை ஃபொன்டானா கிடங்குக்கு மாத்துறாங்க.’

‘ம்’ என்றேன்.
ஃபொன்டானா எதிர்த்திசை கூட இல்லை, வேறு சாலை.

நான் இறங்கவேண்டிய இடம் நெருங்கியது.
வலது சிக்னலைப் போட்டேன். டிக் டிக் என்றது.
இரட்டை வெள்ளைக் கோட்டின் மேல் ஏறக் கூடாது.
கோடு உடைகிற இடம்
இன்னும் முக்கால் மைல்.