பூச்சி

அருவங்காட்டுக் குவார்ட்டர்ஸில் சுவருக்கே வேர்க்கும்.
உப்பு ஜாடிக்குள் தண்ணீராகும்,
மாட்டிவைத்த பெல்ட்டில் பச்சை பூக்கும்.
பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு ஒன்று
வருஷம் முழுக்க எரிகிறது எங்கள் வீட்டில்.
அந்தச் சூட்டை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன்
ஜெயசீலியின் நோட்டை.

எனக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவள்.
எனக்கு முன்னால் அவருக்கு இருந்தவள்.

எல்லாவற்றையும் மைதாப் பசையால் ஒட்டியிருக்கிறாள்.
பூச்சிக்கு அது பந்தி.
பர்லியார் பக்கம் மண்சரிந்து ரயில் நின்ற படம்,
கண்காட்சியில் பரிசு வாங்கிய பலாப்பழம்,
ஸ்வெட்டர் பின்னக் கட்டம் போட்ட தாள்,
யாரோ ஒரு நடிகையின் காது மட்டும்.
கம்மலுக்காக வெட்டியிருப்பாள்.

செலோடேப் தேன்நிறமாகி உதிர்ந்துவிட்டது,
அது இருந்த இடத்தில் தழும்பு.
பவுடர் பிரஷால் தட்டி
பக்கத்துக்கு ஒரு பட்டர் பேப்பர் வைக்கிறேன்.
மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் புரட்ட வேண்டும்.
தும்மினால் ஒரு வருஷம் போய்விடும்.

நடுவில் பத்தாம் வகுப்பு ரிசல்ட்,
எறும்பு எறும்பாக எண்கள்.
முந்நூற்று ஆறில் முடிவதற்கும்
முந்நூற்று எட்டில் முடிவதற்கும் இடையில்
சிவப்பு மையில் ஒரு புள்ளி.
எதிர்ப்பக்கம், துருப்பிடித்த குண்டூசியில் ஹால் டிக்கெட்.
படித்துவிட்டு உடனே மூடினேன்.

"அவ பத்தாவது பாஸு" என்பார் அவர்,
நான் எழுத்துக்கூட்டிக்
கையெழுத்துப் போடும்போதெல்லாம்.

குன்னூர் பெட்போர்டில் நகல் எடுக்கும் பையன் சொன்னான்:
"ஓட்டையெல்லாம் கறுப்பா விழும்க்கா,
பின்னாடி வெள்ளைத்தாள் வெக்கறேன்."
வைத்தான்.
பூச்சி தின்றதும் அச்சடிக்காததும்
ஒரே வெள்ளை.
சிவப்புப் புள்ளி தூசி மாதிரி விழுந்திருந்தது.

சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்து வந்தவர்
மஃப்ளரைக்கூட அவிழ்க்காமல்
நகலை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார்.
கண்ணாடி இல்லை. விரலை வைத்து
ஒவ்வொரு வரிசையாக இறங்கினார்.
"முந்நூத்தி ஏழுல முடியும் அவ நம்பர்.
பொண்ணு பாக்கப் போனப்பவே சொன்னா.
காணோமே?"

"அந்த எடத்தைத்தான் பூச்சி தின்னுடுச்சு."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.
"எங்கெங்க பாத்து வாய வைக்குது பாரு" என்றார்.

நோட்டைச் சுற்றி, பல்புக்குக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.
சூடு ஒத்துக்கொள்ளாதாம் பழைய தாளுக்கு,
அந்தப் பையன்தான் சொன்னான்.

படுத்தபிறகு,
பூச்சி உருண்டை வாங்கிவரச் சொன்னார்.
நாளைக்கு என்றேன்.