நாலு விரல்

கடைவாய்ப் பல் இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை.
புதன்கிழமை எனக்கு விடுப்பு.
பாரிமுனையில் இறங்கி
ஈவ்னிங் பஜார் சந்துக்குள் நடந்து
மாடிப்படி ஏறும்போது குதிகால் கேட்டது:
இன்றைக்காவது என்னை விடக்கூடாதா.

உஸ்மான் ரோட்டில், மூன்றாவது மாடி, புடவைப் பிரிவில்
பதினோரு மணி நேரம் நிற்கிற குதிகால்.
உட்காரலாம் என்று சட்டம் வந்தது, நாற்காலியும் வந்தது.
அதில் சாஃப்ட் சில்க் பெட்டிகள்
உட்கார்ந்திருக்கின்றன.

டாக்டர் பெயர் ரேமண்ட் ஹூ.
முகம் சீனா, பேச்சு ராயபுரம்.
"இவ்ளோ நாள் இன்னாம்மா பண்ணிக்கினு இருந்த?"
ஊசி போட்டார். பஞ்சை அடைத்தார்.
மரத்துப் போகட்டும் என்று கை கழுவப் போனார்.

கண்ணாடி அலமாரியில் யாருடையதோ அல்லாத சிரிப்புகள்,
மேலும் கீழுமாகப் பல் செட்டுகள்.
அவற்றின் நடுவே ஒரு செருப்பு.
சிவப்புப் பட்டு. கூர்நுனி. நீல நூலில் பூவேலை.
பட்டு எனக்குத் தெரியும்;
இது கடைச் சரக்கில்லை, கையால் தைத்தது.
நாலு விரற்கடை நீளம்.
குழந்தையுடையது என்றுதான் நினைத்தேன்.
ஆனால் அடி தேய்ந்திருந்தது,
வருஷக்கணக்காக.

"கொழந்தைது இல்லம்மா.
எங்க தாத்தாவோட மொதல் சம்சாரத்துது."

வாயில் பஞ்சு. நான் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்காததாலோ என்னவோ அவர் சொல்லிக்கொண்டே போனார்,
கருவிகளைத் தட்டில் அடுக்கியபடி.

ஐந்து வயதில் தொடங்குவார்களாம்.
கட்டைவிரலை விட்டுவிட்டு
மற்ற நாலையும் உள்ளங்காலுக்கு அடியில் மடித்துப்
பத்தடித் துணியால் சுற்றுவது.
சுற்றுகிறவள் பெற்றவள்.
அவள் பாதத்திலும் அதே துணி.
எலும்பு ஒடிந்து சொன்னபடி கேட்கும்.
பெண் பார்க்க வருகிறவர்கள்
முகத்துக்கு முன்னால் பாதத்தைப் பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில்
காபித் தட்டோடு
இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை
என்னை நடக்கவிட்டுப் பார்த்தார்கள்.
"கால் நல்லாத்தான் இருக்கு" என்று
ஒரு குரல்.
யாருடையது என்று இன்றுவரை தெரியாது.

சண்டை வந்தபோது தாத்தா ஊரைவிட்டு நடந்தார்.
மலைகள், ரங்கூன், பிறகு கப்பல்.
அவளால் தெருமுனைவரைதான் வர முடிந்தது.
அங்கே சுவரைப் பிடித்து நின்று
ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாளாம்.
திரும்பி வந்து ஜோடி சேர்த்துக்கொள்ளலாம் என்று.

மெட்ராஸில் அவர் பல் கட்டினார்.
கப்பலில் பார்த்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டார்.
வயலுக்குப் போகிற வீடு என்பதால்
கட்டாமல் விட்ட பாதம் அவளுக்கு.
"நாங்கல்லாம் அவ பெத்த கூட்டம்.
எங்க வூட்டுப் பொண்ணுங்களுக்கு
எட்டு நம்பருக்குக் கம்மியா செருப்பு வாங்குனதே இல்ல."

சிரித்தார்.
விளக்கை என் முகத்துக்கு நேரே இழுத்தார்.
"ஒத்தச் செருப்போட அவ எப்படி வூடு திரும்புனான்னுதான்
யாரும் கேக்கல."

வாயைத் திற என்றார்.
திறந்தேன்.
பல் வந்துவிட்டது. வலி தெரியவில்லை.
வேறெங்கோ தெரிந்தது.

கீழே ஒரு ஷூ கடை.
நறுமுகைக்கு ஜூனில் பள்ளி.
பன்னிரண்டு அவள் அளவு.
பேச முடியாமல் பதின்மூன்றைத் தொட்டுக் காட்டினேன்.
"லூசா இருக்குமேக்கா?"
இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.
நுனியில் பஞ்சு வைத்துத் தருவேன்.
மாசத்துக்குக் கொஞ்சமாக எடுத்துவிடுவேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மடியில் பெட்டி.
செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.
மெட்டி போட்ட விரல்
பக்கத்து விரலின்மேல் சாய்ந்து கிடந்தது.
எத்தனை நாளாக
என்று தெரியவில்லை.