ஈனிட் ஹாலமின் ஒன்பது

டார்பி மருத்துவமனையின் நிலவறை,
எழுபத்து மூன்றாம் ஆண்டு.
மேலே கோடை என்றார்கள்.
எங்களுக்கு டியூப்லைட்.

நூறு தெரியும், இருநூறு தெரியும்.
மருந்துத் தராசில் நிறுத்துக் கரைத்தால் வந்துவிடும்.
ஒன்றுமில்லாததை
எந்தக் கடையில் போய் வாங்குவது?

கரியில் அலசிய சீரம் இருந்தது.
தைராய்டு சுரப்பைக் கரி உறிஞ்சிக்கொள்ளும்,
கூடவே வேறு எதையெதையோ.
வரைதாளில் எங்கள் கோடு
முதல் புள்ளியிலேயே நொண்டியது.
டாக்டர் ராக் பென்சிலைக் காதில் செருகினார்:
"சுரப்பியே இல்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும்."

அப்படித்தான் வந்தாள் ஈனிட் ஹாலம்,
லேஸ் ஆலையில் நூல் சுற்றுபவள்.
கழுத்துக் கழலைக்குத் தங்கள் மாவட்டத்தின் பெயரையே
வைத்துவிட்ட ஊர்க்காரி.
அவளுடையதை முழுசாக வெட்டி எடுத்து ஆறு வருஷம்.
தினம் ஒரு வெள்ளை மாத்திரை.

"ஐந்து வாரம் நிறுத்த முடியுமா?"
"யாருக்காக?"
"உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காக."
"எனக்குப் பின்னால் எப்போதும் பஸ் க்யூதான்" என்றாள்,
கையெழுத்துப் போட்டாள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை.
மூன்றாம் வாரம், ஜூன் வெயிலில், கம்பளிக் கோட்டு.
நான்காவதில் தொலைபேசியில் அவள் குரல்
ஈரச்சாக்கை இழுத்து வருவதுபோல் வந்தது.
ரத்தம் எடுத்த அன்று
படிவத்தில் தன் பெயரின் பாதியில் நின்றாள்.
மறக்கவில்லை.
அடுத்த எழுத்து தூரத்தில் இருந்தது.

முயல் எண் பதினொன்று தந்த எதிர்ப்பொருள்:
எண்ணி வைத்த நாற்காலிகள்.
அவற்றில் உட்கார அவள் சுரப்பும்
கதிர் வீசும் எங்கள் சுரப்பும் முட்டிக்கொள்ள வேண்டும்.
அவளிடம் எதுவுமே இல்லையென்றால்
அத்தனை நாற்காலியும் எங்களுக்கே.
இரவெல்லாம் குளிரில் வைத்து,
காலையில் கரி, சுழற்சி,
பிறகு அந்த எந்திரத்தின் டக் டக் டக்.

ஒன்பது.

மறுபடி செய்தேன். ஒன்பது.
புதுக் கரி, புதுக் குழாய்கள், வேறு முயல்.
ஒன்பது.
"கை நடுங்குகிறதா, மிஸ் அருளையா?"
இரண்டு வாரம்
என் கையை நான் வேற்றாள் போல் பார்த்தேன்.
தேநீர்க் கோப்பையைக்கூட
மட்டம் பார்த்துத்தான் தூக்கினேன்.

மாத்திரைக்குத் திரும்பிய ஈனிட்
நன்றி சொல்ல வந்தவள்போல் வந்து உட்கார்ந்தாள்.
கோட்டு இல்லை. பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.
"ரத்தம் எடுக்கும் முன் ஞாயிற்றுக்கிழமை
மகளுக்குக் கல்யாணம்.
படத்தில் தூங்குமூஞ்சியாக நிற்க மனமில்லை.
ஒன்று போட்டுக்கொண்டேன். ஒரே ஒன்று.
பலன் ஒன்றும் தெரியவில்லை,
எல்லாப் படத்திலும் தூங்குகிறேன்."

ராக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
உறையின் முதுகில் கணக்குப் போட்டார்:
ஒரு மாத்திரை, அவள் உடம்பின் கொள்ளளவு,
கழிந்த நாட்கள்.
ஒன்பது, மிஞ்சினால் பத்து.

நிலவறை முழுக்க
குளிர்பெட்டியின் முனகல் மட்டும்.
அவர் வாயெடுத்தார்: "இன்னொரு முறை, மிஸஸ் ஹாலம்…"
"வேண்டாம்" என்றேன் நான்.
எனக்கே என் சத்தம் புதிது.

குறிப்பேட்டில் அந்த வரிசை இன்னும் இருக்கிறது.
கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து:
'ஒன்பது. சரியே. காரணம், திருமணம்.'

சுழியம் குளிர்காலத்தில் கிடைத்தது,
மாட்லாக்கிலிருந்து வந்த ஓர் ஆளிடம்.
அவர் பெயர் நினைவில்லை.