மீதி எண்பத்தாறு கட்டம்

வெள்ளவத்தை மருந்துக்கடையில்
பிரஷர் மாத்திரையோடு சுருட்டித் தந்த நாட்காட்டி.
தாளுக்கொரு நீரிழிவு அறிவுரை,
போயா தினங்களில் மஞ்சள் நிலா.
குசினிக் கதவில் மாட்டிவிட்டு
பென்சில் சீவுகிறேன்.
வயோலாக்காரிக்குப் பேனா ஆகாது.
எப்படியும் அழிக்க வேண்டி வரும்.

பெப்ரவரியில் அனோமாவின் நால்வர் இசை.
அரங்கேற்றம் என்று சொன்னால்
அலுவலகத்தில் சுகந்தினி
என்ன நிறத்தில் சேலை என்று கேட்கிறாள்.
இது அந்த அரங்கேற்றம் இல்லை.
அறுபது கதிரை.
பன்னிரண்டில் சொந்தக்காரர்,
ஒன்றில்
மழைக்கு ஒதுங்கிய யாரோ.
அனோமா எனக்கு
நாற்பத்திரண்டு கட்டம் மௌனம் எழுதியிருக்கிறாள்.
வில்லை மடியில் வைத்து
ஏசியின் இரைச்சலைக் கேட்டபடி எண்ணவேண்டும்.
அந்த இரைச்சலும் என் பகுதிதானாம்.
ஒத்திகையில் இரண்டு முறை தவறவிட்டேன்.
மௌனத்தில் பிழை விட்டால்
எல்லாருக்கும் கேட்கிறது.

மே மாதம் ரிஸ்னாவின் தனிக் கிளாரினெட்.
தாளில் சுரமே கிடையாது,
தெஹிவளைத் தண்டவாளத்தை
அவள் கையாலே வரைந்த கோடுகள்.
கடல் கிட்ட வரும் இடத்தில்
மூச்சு எடுக்கலாம்.

யூலையில் ஐந்து நாள் விழா.
இருபத்து மூன்றிலிருந்து இருபத்தேழு வரை.
மண்டபம் கிடைத்த திகதி அதுதான் என்றார் கிறிஸ்பின்.
பிறகு கொஞ்ச நேரம்
கொன்ட்ராபாஸின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.
அவருக்கும் தெரியும்.
எனக்கு அப்போது நான்கு வயது,
பக்கத்து வீட்டு அலுமாரிக்குள் இருந்தேன்.
சரி, வாசிப்போம் என்றேன்.
ஐந்து கட்டத்திலும்
ஒரு சின்னக் கோடு மட்டும் போடுகிறேன்.

நவம்பர்:
ஒஸ்லோவிலிருந்து பிரணவரூபனின் புதுப் படைப்பு.
தலைப்பு வந்துவிட்டது.
முற்பணம் போய்விட்டது.
இசை
இன்னும் அவன் தலைக்குள்ளும் இல்லை என்கிறார்கள்.

இத்தனை முதல் முறைகள்.
யோசித்தால்
அநேகமாக எல்லாமே கடைசி முறையும்தான்.
பிறந்த இரவிலேயே
பைலுக்குள் போய்ப் படுத்துவிடும் பிள்ளைகள்.

போன ஒக்டோபரில் கிறிஸ்பினின் ஐவர் இசை.
நூற்றுப் பதினேழு கட்டம்.
முப்பத்தொன்றில் மின்சாரம் போனது.
ஐந்து வில்லும் அந்தரத்தில்.
ஜெனரேட்டர்காரப் பெடியன்
டீசல் கானோடு ஓடிவருவதற்குள்
சனம் கைதட்டிவிட்டது,
முடிந்துவிட்டதென்று.
எழும்பி நின்று தட்டினார்கள்.
போன் வெளிச்சத்தில் படியிறங்கிப்
பஸ்ஸுக்குப் போனார்கள்.
அடுத்த ஞாயிறு பத்திரிகையில்
துணிச்சலான முடிவு என்று வந்தது.
கிறிஸ்பின் அதை வெட்டி
வாத்தியப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறார்.
சிரிக்கத்தான் ஒட்டினேன் என்கிறார்.

மீதி எண்பத்தாறு கட்டம்
இந்த ஊரில் ஒரு காதுக்குள்ளும் போகவில்லை.
என் இடது கைக்குத் தெரியும்.
காலி வீதி நெரிசலில்
நூறாம் இலக்க பஸ்ஸின் கம்பியைப் பிடித்து நிற்கையில்
நான் கேளாமலே
விரல்கள் அதில் ஓடிப்பார்க்கும்.

முதல் முறைக்கு விழா உண்டு, நிதி உண்டு,
தூதரகத்து இஞ்சித் தேத்தண்ணி உண்டு.
இரண்டாம் முறைக்கு
யாரிடம் போய்க் கேட்பது?

திசம்பர்த் தாளைத் தூக்குகிறேன்.
பாதங்களைத் தினமும் பரிசோதியுங்கள், என்கிறது.
போயாவுக்கும் நத்தாருக்கும் இடையில்
யாருக்கும் வேண்டாத ஒரு செவ்வாய்.
அந்தக் கட்டத்துக்குள் எழுதுகிறேன்:
32.
பார்ப்பவர்கள் பால்கணக்கு என்று நினைக்கட்டும்.
கிறிஸ்பினிடம் இன்னும் சொல்லவில்லை.
மற்ற மூவரில் ஒருத்தி மெல்பனுக்குப் போய்விட்டாள்.

முப்பத்திரண்டில் நான் மட்டும்தான்.
சி தந்தியில், தனியாக,
மிக மெதுவாக என்று போட்டிருக்கிறார்.
என் சி தந்தி சென்ற வாரம் அறுந்தது.
புதிதின் விலை
அரை மாத வாடகை.
சுகந்தினியின் தம்பி
பங்குனியில் சென்னை போகிறானாம்.