நிற்கும் படியையும் எண்ணு

தார்த்து நகரில் பேருந்து ஓட்டுகிறேன்.
நிறுத்தங்களை எண்ணும்போது
ஏறின இடத்தை எவரும் சேர்ப்பதில்லை.

செவ்வாய் மாலை வகுப்பில்
டோவுக்கு மி மூன்றாவது என்றாள் மாரிக்கா.
இரண்டு படிதானே?
"நிற்கிற படியையும் எண்ணு, ஹெல்துர்.
இங்கே பூஜ்யம் கிடையாது."
அப்போது இருவரும் ஒரே கட்டையைத் தொட்டால்?
"ஒன்று. அதைவிட நெருங்க வழியில்லை."

வீட்டில் லெய்தா
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.
ஆறு உறைந்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.
குளிர்பெட்டி ஒரே சுருதியில் முனக
தன்னை அறியாமல் அவளும் அதையே முனகினாள்.

நான் அடுத்த சுரத்தைப் பிடித்தேன்.
இரண்டாவது.
சோற்றுக் கல்லாய்ப் பல்லில் நெருடியது.
அவள் கத்தி நின்றது.

இன்னும் ஒரு படி
மேலே நகர்ந்தேன்.

நீளமாகச் சுருண்டு
விழத் தொடங்கியது
தோல்.