அணையுங்கோ, மிஸ்

"அணையுங்கோ, மிஸ்."
அணைக்கிறேன்.
கூரையிலிருந்து கவிழ்ந்திருந்த பெரிய விளக்கு
ஏழு கண்களையும் ஒன்றாக மூடுகிறது.
குளிரூட்டியின் இரைச்சல்
இருட்டில் கொஞ்சம் கிட்ட வருகிறது.

இதே ஆஸ்பத்திரியில் சேர்ந்த வருடம்
ஜாம் போத்தலில் திரி போட்டு
மண்ணெண்ணெய்க்கு மேல் ஒரு துளி வெளிச்சத்தைத்
தையல் போடும் கைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு
விடிய விடிய நின்றவள் நான்.
இப்போது என் வேலை
சொன்ன நேரத்துக்கு இருட்டாக்குவது.

மேசையில் யோகமலர். வயது நாற்பத்தொன்று.
தொழில் என்ற கட்டத்தில்
'கண்ணிவெடி அகற்றல், முகமாலை' என்று
தன் கையாலேயே எழுதியிருந்தாள்.
நண்டு, றால் ஒத்துவராதோ என்று
படிவத்திலிருந்த கேள்வியைக் கேட்டபோது,
"ஒரு பானை கூழ் குடிப்பன், மிஸ்.
நண்டுக்கால் மிச்சம் வைக்கமாட்டன்."
பிறகு சிரிப்பு நின்று,
"வலப்பக்கம் எல்லே. அந்தக் கையாலதான் மெசின் பிடிக்கிறது.
கமக்கட்டை முழுக்கக் கிண்டினா
கை வீங்குமாமே?"

எங்கள் மெசின் கடனுக்கு வந்தது.
இரண்டு மாதத்தில் திரும்பிவிடும்.
பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறது
'இப்பக்கம் மேலே' என்று ஒரு சிவப்பு அம்பு.

முலைக்காம்போரம் நாலு ஊசி,
பாசிப்பச்சையாய்க் கொஞ்சத் திரவம்.
டொக்டர் கேதாரநாதன்
அந்த இடத்தை விரலால் வட்டம் வட்டமாய்த் தேய்க்கிறார்,
பிட்டுக்கு மாக் குழைப்பவர் மாதிரி
அவசரமில்லாமல்.

வெறுங்கண்ணுக்கு ஒன்றுமில்லை.
தோல் தோலாகவே கிடக்கிறது.
கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறார்.
திரையில்
ஒரு கோடு.
முதலில் ஐமிச்சமாய்,
வறண்ட வாய்க்காலில் மாரியின் முதல் தண்ணீர்
எந்தப் பக்கம் போவதென்று யோசிக்குமே, அப்படி.
பிறகு வழி பிடித்து
மார்பின் ஓரத்தால் நடந்து
கமக்கட்டில் ஒரு மடிப்புக்குக் கீழே
தேங்கி நிற்கிறது.

மயக்க மருந்து டொக்டர்கூட
கதிரையை விட்டெழும்பி எட்டிப் பார்க்கிறார்.
சின்ன வெட்டு. விலகும் கொழுப்பு.
அதற்குள் அது,
மொச்சைக்கொட்டையளவு வெளிச்சம்.
எடுத்துக் கிண்ணத்தில் வைத்தால்
திரையில் கிண்ணமும் ஒளிர்கிறது.
அதற்குப் பின்னால், மங்கலாய், இன்னொன்று.
பிறகு கமராவைத் திருப்பித் திருப்பித் தேடியும்
இருட்டுத்தான்.

"போதும்" என்கிறார்.
இந்த அறையில் அந்தச் சொல்லை
வேறு அர்த்தத்தில்தான் கேட்டுப் பழகியிருந்தேன்.

"லைற்."
போடுகிறேன்.
இரத்தம் மறுபடி சிவப்பாகிறது.
துணி எண்ணுகிறேன். பதின்நான்கு.
திரும்பவும் பதின்நான்கு.

பின்னேரம் வாட்டில்
காய்ந்த உதட்டோடு கேட்டாள், "எத்தினை?"
"ரெண்டு."
"ரெண்டுதானோ?"
கண்ணை மூடி எதையோ கணக்குப் பார்த்தாள்.
"எங்கட இடத்தில, நாங்கள் துப்பரவாக்கின நிலத்தை
வேற ஆக்கள் வந்து திரும்பப் பாப்பினம்.
அதுக்குப் பிறகுதான் கயிறு அவிழ்க்கிறது."
"இங்கயும் அப்பிடித்தான்.
றிப்போட் வரப் பத்து நாள்."
"அப்ப கயிறு கிடக்கட்டும்."

திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.
அரைத்தூக்கத்தில்
போர்வைக்கு மேல் அவள் வலக்கை
மெல்ல
இடமும் வலமுமாய் அசைந்துகொண்டிருந்தது,
எதையும் தொட்டுவிடாத உயரத்தில்.